ஒரே பெயரில் இரண்டு எம்டிஆர்

மளிகைக் கடையில் எம்டிஆர் ரவா இட்லி மிக்ஸ் பாக்கெட்டை எடுக்கிறவர்களில் பலர், பெங்களூரு லால்பாக் சாலையில் கூட்டம் காத்துக் கிடக்கிற அந்த ஓட்டல்காரர்கள்தான் இதையும் தயாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. பாக்கெட் நார்வே நாட்டு ஓர்க்லா குழுமத்துடையது. ஓட்டல் மையா குடும்பத்துடையது. 2007 முதல் இரண்டுக்கும் முதலாளி வேறு, கணக்கு வேறு, சமையல் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

குடும்ப ஓட்டல்களின் வழக்கமான கதை நமக்குத் தெரியும். தாத்தா ஆரம்பிப்பார், அப்பா கிளைகள் திறப்பார், பிள்ளைகள் பெயர்ப் பலகைக்காக நீதிமன்றம் போவார்கள். எம்டிஆர் கதை வேறு மாதிரி போனது. ஓட்டலுக்குப் பக்கத்தில் துணைத் தொழிலாக முளைத்த பாக்கெட் வியாபாரம் ஓட்டலைவிடப் பல மடங்கு பெரிதாகி, வெளிநாட்டுக்கு விலைபோனது. சின்னதாக இருந்த ஓட்டல் குடும்பத்தின் கையிலேயே நின்றது. ஏன் இப்படி ஆனது என்பதற்கான விதை 2007இல் இல்லை. அரிசி கிடைக்காமல் போன ஒரு காலத்திலும், அரசாங்கம் சாப்பாட்டுக்கு விலை நிர்ணயித்த இன்னொரு காலத்திலும் இருக்கிறது.

ஆரம்பம் கடற்கரையோரத்தில். உடுப்பிக்கு வடக்கே சாலிகிராமத்தை ஒட்டிய பாரம்பள்ளி என்ற ஊர்தான் மையா சகோதரர்களின் ஊர். பரமேஸ்வர மையா, கணப்பய்ய மையா, யக்ஞநாராயண மையா என்று மூவர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சமையல் ஒரு கைத்தொழிலாகவே இருந்தது. உடுப்பி கிருஷ்ணர் கோயிலும் அதைச் சூழ்ந்த எட்டு மடங்களும் நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இலை போடுகிற இடங்கள். அங்கே தேறிய கைகள் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஊரில் நிலம் குறைவு, மழைக்காலத்தில் வெள்ளம். 1923 வெள்ளத்துக்குப் பிறகு தென் கன்னட மாவட்டத்திலிருந்து பம்பாய்க்கும் மதராசுக்கும் போனவர்கள் நிறைய. மதராசில் பின்னால் உட்லண்ட்ஸ் தொடங்கிய கிருஷ்ண ராவும், பம்பாய் மாட்டுங்காவில் சாப்பாட்டுக் கடை வைத்த ராம நாயக்கும் அதே கரையோரத்திலிருந்து கிளம்பியவர்கள்தான். இன்றைக்கு எந்த ஊரிலும் யாரும் வைத்துக்கொள்கிற 'உடுப்பி ஓட்டல்' என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த இடப்பெயர்ச்சி.

மையா சகோதரர்கள் பெங்களூருக்குப் போனார்கள். 1920ஐ ஒட்டிய வருடங்களில் அவர்கள் செய்தது வீட்டுச் சமையல் வேலை, அதுவும் நகரத்தின் பெரிய மனிதர்கள் வீடுகளில். அப்படி வேலை பார்த்த வீட்டுக்காரர் ஒருவர் கொடுத்த உதவியால்தான் 1924இல் லால்பாக் கோட்டைச் சாலையில் கடை போட்டார்கள் என்பது குடும்பத்தில் சொல்லப்பட்டு வரும் செய்தி. காபி, இட்லி, அவ்வளவுதான். கடையின் பெயர் 'பிராமின் காபி கிளப்'.

கிளப் என்றதும் சீட்டாட்டம் நினைவுக்கு வரவேண்டாம். நம் ஊரிலும் பெரியவர்கள் ஓட்டலைக் 'கிளப்புக் கடை' என்று சொல்லிக் கேட்டிருப்போம். அந்தக் காலத்தில் காபி கிளப் என்பது நகரத்துக்குப் புதிதாக வந்த குமாஸ்தாவும் மாணவனும் வக்கீலும் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிக்கிற இடம். 'பிராமின்' என்ற முன்னொட்டு, யார் சமைத்தது என்பதைச் சொல்லி, வெளியில் சாப்பிடத் தயங்குகிற ஒரு கூட்டத்தை உள்ளே வரவழைக்கிற விளம்பரம். இன்னொரு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துகிற விளம்பரமும் அதுவேதான். தென்னிந்திய நகரங்களில் அப்படிப் பலகைகள் நிறைய இருந்தன. நம் பக்கத்தில் அது சண்டையாகவே முடிந்தது: 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி பெரியாரின் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் செய்தது. பெங்களூருக் கடையோ, சுதந்திரத்துக்குப் பிறகு, தானாகவே அந்தப் பெயரை விட்டுவிட்டு இருக்கும் இடத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. மாவள்ளி என்பது லால்பாக்கை ஒட்டிய பகுதி. மாவள்ளி டிபன் ரூம்ஸ், சுருக்கமாக எம்டிஆர். (சங்கரபுரத்தில் இன்றும் கூட்டம் அள்ளுகிற பிராமின்ஸ் காபி பார் வேறு கடை, அதற்கும் இதற்கும் உறவில்லை. பெங்களூருக்காரர்களே சில சமயம் குழப்பிக்கொள்வார்கள்.)

மூத்தவர் பரமேஸ்வரர் கடை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே காலமாகிவிட்டார். பொறுப்பு யக்ஞநாராயணருக்கு வந்தது. எம்டிஆரை எம்டிஆராக ஆக்கியவர் அவர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ரவா இட்லிக்கு வருவோம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அதுவரை தென்னிந்தியா அரிசிக்குப் பெருமளவு பர்மாவை நம்பியிருந்தது. ரங்கூன் அரிசி என்ற சொல் நம் பாட்டிகள் காலத்தில் வீட்டுக்கு வீடு புழங்கியது. அது நின்றதும் அரிசிக்குத் தட்டுப்பாடு, ரேஷன். இட்லி விற்கிற கடைக்கு அரிசி இல்லை என்றால் கல்லாவை மூடவேண்டியதுதான். அப்போது ரவையை நெய்யில் வறுத்து, தயிரில் கலந்து, சோடா உப்புப் போட்டுக் கிளறி, தாளித்துக் கொட்டி ஆவியில் வேகவைத்துப் பார்த்தார்கள். வந்தது ரவா இட்லி. இதைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்பது எம்டிஆரின் உரிமைக் கோரல். ஒரு பண்டத்தை முதலில் செய்தது யார் என்பதைச் சமையலில் நிரூபிக்கவே முடியாது. ஆனாலும் இந்தக் கோரிக்கையை நான் நம்புகிறவன். காலமும் பொருந்துகிறது, தேவையும் பொருந்துகிறது. கடையில் அதற்குத் தருகிற மரியாதையும் அப்படி: உருளைக்கிழங்கு சாகு, கொத்தமல்லிச் சட்னி, தனியாக ஒரு குட்டிக் கிண்ணத்தில் உருக்கிய நெய். மற்ற ஓட்டல்களில் ரவா இட்லி பட்டியலின் கடைசி வரியில் கிடக்கிற அயிட்டம். இங்கே அதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ரவா இட்லியில் ஒரு சங்கதி ஒளிந்திருந்தது, அது அப்போது யாருக்கும் முக்கியமாகப் பட்டிருக்காது. அரிசி இட்லிக்கு ஊறவைக்க வேண்டும், அரைக்க வேண்டும், ராத்திரி முழுக்கப் புளிக்கவிட வேண்டும். மாவு உயிருள்ள பொருள், ஊர் விட்டு ஊர் போகாது. ரவா இட்லிக்குப் புளிப்பு தயிரிலிருந்து வருகிறது, உப்பல் சோடாவிலிருந்து வருகிறது. அதாவது தயிரைத் தவிர மீதி எல்லாவற்றையும் உலர்ந்த நிலையிலேயே ஒரு பைக்குள் போட்டு வைக்கலாம். பர்மா விழுந்ததால் பிறந்த பண்டம் முப்பது வருடம் கழித்து ஏன் பாக்கெட்டுக்குள் போனது என்பதற்கு இதுதான் காரணம்.

அதற்கு முன் 1951. அந்த வருடம் யக்ஞநாராயண மையா ஐரோப்பா போனார், அங்கே ஓட்டல்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க. ஓர் இட்லிக் கடைக்காரர் அந்தக் காலத்தில் கடல் கடந்து போய்ப் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துவிட்டு வந்தார் என்பது சாதாரணச் செய்தி இல்லை. திரும்பி வந்தவர் தட்டுகளையும் டம்ளர்களையும் ஆவியில் கொதிக்கவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். சாப்பிடும்போது எப்படிச் சுத்தமாக நடந்துகொள்ள வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கே துண்டுப் பிரசுரம் கொடுத்தார். இன்று ஓர் ஓட்டல்காரர் அப்படிச் செய்தால் இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள்! சாப்பிட வருகிறவர்கள் சமையலறையைப் பார்த்துக்கொண்டே போகும்படியும் வைத்தார். பெயர்ப் பலகையில் இருந்த சாதிச் சொல் முன்பு எந்த உத்தரவாதத்தைக் கொடுத்ததோ, அதை இப்போது திறந்து கிடந்த அடுப்படி கொடுத்தது என்று நான் படித்துக்கொள்கிறேன். யார் சமைக்கிறார் என்ற கேள்வி போய், எப்படிச் சமைக்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிட்டது.

லால்பாக் சாலையில் இப்போதிருக்கும் கட்டடத்துக்குக் கடை வந்தது 1960இல். சின்னச் சின்ன அறைகள், நெருக்கிப் போட்ட மேசைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்பாக்கில் நடந்துவிட்டு வருகிற கூட்டம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். காபி வெள்ளி டம்ளரில் வரும். மசால் தோசை சற்றுத் தடிமனாக, நன்றாகச் சிவந்து, நெய் மணக்க இருக்கும். சென்னையின் முறுகலான காகிதத் தோசையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் தடவை ஏமாற்றம்தான். சந்திரஹாரா என்று ஓர் இனிப்பு உண்டு: பொரித்த மாவு மடிப்பின் மேல் கோவா சேர்த்த இனிப்புப் பாலை ஊற்றித் தருவது. முதலில் 'பிரெஞ்சு ஸ்வீட்' என்று பெயர் வைத்தார்களாம், யாரும் சீண்டவில்லையாம். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமாவின் பெயரை வைத்ததும் விற்றதாம். வெளிநாட்டுப் பயணத்திலிருந்து சுத்தத்தைக் கொண்டுவர முடிந்தது, பெயரை முடியவில்லை.

அப்புறம் 1975. நெருக்கடி நிலை. விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறோம் என்று அரசு ஓட்டல் பண்டங்களுக்கும் உச்ச விலை வைத்தது. இதன் விளைவு எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். காபியில் தண்ணீரைக் கூட்டவும், நெய்க்குப் பதில் வனஸ்பதி ஊற்றவும் தயாராக இருந்த கடைக்கு அந்த விலை கட்டுப்படியாகும். நெய்யும் தரமான காபிக்கொட்டையும் வாங்கிக்கொண்டிருந்த கடைக்கு ஒவ்வொரு தட்டும் நஷ்டம். விலையை மட்டும் கட்டுப்படுத்தி, தட்டில் என்ன இருக்கவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தாத எந்தச் சட்டமும் தரம் வைத்திருப்பவனைத்தான் முதலில் அடிக்கும்.

எம்டிஆர் தரத்தைக் குறைக்கவில்லை. குறைந்த விலைக்கே விற்றது. இன்றைக்கு இவ்வளவு நஷ்டம் என்று அன்றாடம் எழுதிப் பலகையில் வைத்தது என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அரசைப் பார்த்து அப்படி ஒரு கணக்கைத் தெருவில் வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் பலகை மாட்டிக்கொண்டே எத்தனை நாள் ஓட்டமுடியும்? ஓட்டலை மூடினார்கள்.

மூடிய கடையில் மாஸ்டர்கள், மாணிகள் (கன்னட ஓட்டல்களில் பரிமாறும் பையனுக்கு அதுதான் பெயர்), அரைக்கிறவர், கழுவுகிறவர் என்று ஆட்கள் இருந்தார்கள். பெரும்பாலும் ஊர்ப்பக்கத்திலிருந்து கூட்டி வந்தவர்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பினால் திரும்பக் கிடைக்க மாட்டார்கள். அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் பாக்கெட். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, சட்னிப்பொடி, ரவா இட்லி மிக்ஸ். தட்டில் வைத்த இட்லிக்கு விலைக் கட்டுப்பாடு உண்டு, பைக்குள் இருக்கும் இட்லி மாவுக்கு இல்லை. சட்டத்தில் இருந்த அந்த இடுக்கு வழியாக ஒரு பெரிய தொழில் நுழைந்தது. ஓட்டலை ஒட்டியே ஒரு அங்காடி வைத்து விற்றார்கள். நெருக்கடி நிலை போனது, ஓட்டலும் பிறகு திறந்தது, ஆனால் பாக்கெட் நிற்கவில்லை.

நின்றிருக்கவும் முடியாது. எழுபதுகளின் பிற்பகுதியும் எண்பதுகளும் பெங்களூரில் பொதுத்துறை ஆலைகளும் வங்கிகளும் நிறைந்திருந்த காலம். வேலைக்குப் போகிற பெண்கள் கூடினார்கள், கூட்டுக் குடும்பம் சுருங்கியது, காலையில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார ஆளில்லை. பொடி இடிக்கத் தெரிந்த மாமியார் வேறு ஊரில். வெளியில் விற்கிற பொடியை வீட்டுக்குள் விடத் தயங்கிய குடும்பங்களுக்கு எம்டிஆர் என்ற மூன்றெழுத்து போதுமானதாக இருந்தது. ஓட்டல் ஐம்பது வருடம் சேர்த்து வைத்த நம்பிக்கையைப் பாக்கெட் தினமும் செலவழித்தது என்று சொன்னால் தப்பாகாது.

இந்தப் பாக்கெட் பக்கத்தை நடத்தியவர் மையா குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த சதானந்த மையா. அவருக்கு எந்திரங்களில் ஆசை. மைசூரில் ராணுவத்துக்காக இயங்கும் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம், சமைத்த உணவைப் பல அடுக்கு உறையில் அடைத்து, உறையோடு சேர்த்து அழுத்தத்தில் சூடேற்றி, குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் வைத்திருக்கும் நுட்பத்தைக் கையில் வைத்திருந்தது. எல்லையில் நிற்கிற சிப்பாய்க்காக உருவானது. அதை எடுத்து பிசிபேளே பாத்தையும் பாலக் பனீரையும் உறையில் அடைத்தார்கள். அமெரிக்காவில் கணினி வேலைக்குப் போன தென்னிந்தியப் பையன்களின் பெட்டிகளில் துணிமணியைவிட இந்த உறைகள்தான் அதிகம் இருந்த ஒரு காலம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.

இதற்குள் இரண்டும் இரண்டு தொழிலாகிவிட்டிருந்தன. ஒரு ஓட்டல் நடக்க வேண்டியது நல்ல மாஸ்டர், நல்ல சரக்கு, கல்லாவில் வீட்டு ஆள். அன்றைய வரவில் நாளைய காய்கறி. பாக்கெட் தொழிலுக்கு ஆலை வேண்டும், நாடு முழுக்க விநியோகஸ்தர்கள் வேண்டும், தொலைக்காட்சி விளம்பரம் வேண்டும், கடைக்காரருக்குக் கடன் கொடுத்துக் காத்திருக்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் பெட்டியிலிருந்து வராது. வெளி முதலீட்டாளர்கள் எம்டிஆர் ஃபுட்ஸ் நிறுவனத்துக்குள் வந்தார்கள். முதலீட்டாளர் ஒருவர் வந்துவிட்டால், போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும் தேதியும் கூடவே வந்துவிடும். ஆக 2007இல் நடந்ததைக் குடும்பம் திடீரென்று மனம் மாறி எடுத்த முடிவாகப் பார்க்கத் தேவையில்லை. சுமார் 8 கோடி டாலருக்கு எம்டிஆர் ஃபுட்ஸ் ஓர்க்லாவுக்குப் போனது. ஓட்டல் அந்த விற்பனையில் சேர்க்கப்படவில்லை.

ஓர்க்லாவின் பூர்வீகம் 1654இல் நார்வேயில் தொடங்கிய ஒரு தாதுச் சுரங்கம். அங்கிருந்து சாம்பார்ப் பொடிவரைக்கும் வந்திருக்கிறார்கள். வாங்கியபின் அவர்கள் செய்தது புத்திசாலித்தனமான காரியம்: பெயரை மாற்றவில்லை, பொடியை நார்வேக்காரர் நாக்குக்குத் தக்கபடி மாற்றவும் இல்லை. பிறகு கேரளத்தின் ஈஸ்டர்ன் மசாலா நிறுவனத்தையும் பெரும்பான்மைப் பங்கு வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டார்கள். 2025 நவம்பரில் ஓர்க்லா இந்தியா நம் பங்குச் சந்தையில் பட்டியலானது. நெருக்கடி நிலையில் மாஸ்டர்களின் கூலிக்காகத் தொடங்கிய பொடி வியாபாரத்தில் இப்போது யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம்.

சதானந்த மையா சும்மா இருக்கவில்லை. சில வருடங்கள் கழித்து 'மையாஸ்' என்ற பெயரில் மறுபடி உணவுத் தொழிலில் இறங்கினார். ஜெயநகரில் பல மாடி ஓட்டல், பக்கவாட்டில் மறுபடியும் பாக்கெட்டுகள். எம்டிஆர் என்ற மூன்றெழுத்தை விற்றவரிடம் மீதியிருந்தது குடும்பப் பெயர். அதையே பலகையில் போட்டுக்கொண்டார்.

ஓட்டல் பக்கம், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹரிச்சந்திர மையாவிடமிருந்து அவர் மகள் ஹேமமாலினி மையாவுக்கும் தம்பிகள் விக்ரம், அரவிந்த் ஆகியோருக்கும் வந்தது. ஆண்கள் மட்டுமே கல்லாவில் உட்கார்ந்து பழகிய உடுப்பி ஓட்டல் உலகத்தில் ஒரு பெண் முன்னால் நின்று நடத்துவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. பல பத்தாண்டுகள் ஒரே கடையாக இருந்த எம்டிஆர், சங்கிலியாக ஆனது இந்தத் தலைமுறையில்தான். பெங்களூரின் வெவ்வேறு பகுதிகள், மைசூர், பூர்வீகப் பக்கமான உடுப்பி என்று கிளைகள் வந்தன. 2013இல் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு எதிர்ப்புறம் ஒரு கிளை. அங்கே தோசைக்குக் காத்திருக்கிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிறகு துபாய், லண்டன்.

நம் சென்னைச் சங்கிலிகள் பரவிய வேகத்தோடு ஒப்பிட்டால் இது ஆமை நடை. நூறாண்டு நிறைந்த 2024லும் கிளைகளைச் சுலபமாக எண்ணிவிடலாம். இதற்கு அடக்கம் காரணம் என்று சிலர் புகழ்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் எளிமையானது. வேகமாகப் பரவ விரும்புகிற ஓட்டலுக்கு ஒரே சுவையை நூறு இடத்தில் கொடுக்கும் வழி வேண்டும், அந்த வழி கடைசியில் மையச் சமையலறை, முன்கூட்டிக் கலந்த மாவு, பொடி என்றுதான் போய் முடியும். எம்டிஆர் வீட்டில் அந்த வழியில் போனவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், போய் அதை விற்றும் விட்டார்கள். ஓட்டல்காரர்களிடம் மிஞ்சியது பாக்கெட்டால் செய்யமுடியாத வேலை மட்டும்தான். கல்லில் ஊற்றியதும் மேசைக்கு வரவேண்டிய தோசை, டிகாஷன் இறங்கிய சூட்டோடு குடிக்கவேண்டிய காபி. மாஸ்டர் கிடைக்கிற வேகத்தில்தான் கிளையும் திறக்கமுடியும்.

வாடிக்கையாளர் குழப்பத்தைத் தீர்க்க ஓட்டல்காரர்கள் தங்கள் பெயரை 'எம்டிஆர் 1924' என்று போட்டுக்கொள்கிறார்கள். ஆண்டு அவர்களுக்கு, அலமாரி ஓர்க்லாவுக்கு. ஜெயநகரில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: மையாஸில் ஒரு ரவா இட்லி, அங்கேயே இருக்கும் எம்டிஆர் 1924 கிளையில் ஒன்று, வீட்டுக்கு வரும் வழியில் மளிகைக் கடையில் ஒரு பாக்கெட். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் செய்முறை இருக்கும். தயிர் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். தயிரும், அந்தக் குட்டிக் கிண்ணத்து நெய்யும் நம் பொறுப்பு.